மதலேனுக்கு மணலில் இடமில்லை

ஜனவரி 9, வெள்ளி

இந்த டைரியை நித்திலா கொடுத்தாள். பழைய தாளைக் கரைத்துச் செய்ததாம். பேனா வைத்தால் மை ஊறி, எழுத்து கம்பளிப்பூச்சி மாதிரி தடிக்கிறது. "பாட்டி, இந்த ஊர்லயே உங்களுக்குத்தான் ஞாபகசக்தி அதிகம்னு எல்லாரும் சொல்றாங்க. பழைய கதையெல்லாம் எழுதுங்க, வர்ற விருந்தாளிங்க படிக்கட்டும்" என்றாள். நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். எழுதுவேன். விருந்தாளிக்காக இல்லை. யார் யார் எனக்கு என்னென்ன செய்தார்கள் என்பது நான் போன பிறகும் கிடக்கட்டும்.

நித்திலா சென்னைப் பெண். ஏதோ தொண்டு நிறுவனம் எங்கள் புன்னைத்துறைக்கு அனுப்பியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்து எங்கள் வீடுகளில் தங்குவார்கள், எங்கள் சோற்றைத் தின்பார்கள், கடல் பார்ப்பார்கள். குப்பை விழாத சுற்றுலா என்று பெயர். மீன் குடலும் செதிலும் உரமாகும். உரத்தில் முருங்கை வளரும். முருங்கை விருந்தாளிக்குக் குழம்பாகும். "எதுவும் வீணாகாது பாட்டி, எல்லாம் சுத்தித் திரும்ப வரும்" என்றாள். சுற்றித் திரும்ப வருவது பேய் ஒன்றுதான் என்றேன். சிரித்தாள். எதைச் சொன்னாலும் சிரிக்கிறாள். அதுவே எனக்கு ஆகவில்லை.

என் மருமகள் ரெஜிலா சமையலுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் கூட்டத்துக்குத் தலைவி மதலேன், என் கொழுந்தன் பெண்டாட்டி. தலைவிக்கு நாற்காலி வேறு போட்டிருக்கிறார்கள்.

ஜனவரி 12, திங்கள்

சாளை மீன் நல்ல வரத்து. உப்புப் போட்டு மணலில் விரித்துவிட்டு வந்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

சாயங்காலம் கோயில் மண்டபத்தில் கூட்டம். கோயிலுக்குத் தெற்கே இருக்கிற கருவாட்டு மணலைப் பற்றித்தான் பேச்சு. ஊரில் அந்த ஒரு இடத்தில்தான் மணல் கெட்டியாக, புல் பூண்டு இல்லாமல், காற்றுக்கு நேராக இருக்கிறது. அங்கேதான் நாங்கள் மீன் காயப்போடுகிறோம். ஒவ்வொருத்திக்கும் மாமியார் விட்டுப்போன இடம் உண்டு. பழைய வலைத்துண்டை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தால் அது அவள் இடம். மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வலை கிடக்கும். அடுத்தவள் வலையைத் தொடக்கூடாது. பட்டாவும் கிடையாது, பத்திரமும் கிடையாது. வலைதான்.

விருந்தாளிகள் உட்கார அந்த மணலில் கொஞ்சம் வேண்டுமாம். நான் எழுந்து, "மீன் நாத்தம் பிடிக்காதவன் மலைக்குப் போவட்டும். எங்க மணல்ல ஒரு சாண் கிடையாது" என்றேன்.

நித்திலா பயந்துபோனாள். "யாரோட இடத்தையும் அவங்க சம்மதம் இல்லாம தொட மாட்டோம் பாட்டி. யாருக்கும் சொந்தமில்லாத மணல் இருந்தா மட்டும் குடுங்க" என்றாள். பங்குச் சாமியாரும் அதுதான் நியாயம் என்றார். அப்படியே முடிவாயிற்று. சொந்தமில்லாத மணல் அங்கே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மதலேன் நாற்காலியில் இருந்தாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ரெஜிலா விருந்தாளிகளுக்குப் பொங்கி, மிச்சத்தை எனக்கு வைத்தாள்.

ஜனவரி 17, சனி

நித்திலா வந்து, மதலேன் மேல் எனக்கு ஏன் கோபம் என்று கேட்டாள். உன் புத்தகத்தில் போட மாட்டேன் என்றேன். இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் முடிகிறவரை ஒருத்தியும் மணலில் மீன் விரிக்க மாட்டாள். பகையாளி வீட்டுச் சாவானாலும் அப்படித்தான். என் கடைசிப் பிள்ளை செலினாள் பேதியில் போனாள். பால்பல் விழாத வயது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போகிறோம், வழியில் பார்க்கிறேன், மணல் முழுக்க வெறிச்சென்று கிடக்க, மதலேன் மட்டும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நெத்திலி விரிக்கிறாள். சிவப்புப் புள்ளி போட்ட சேலை. தலையில் ஈரத்துண்டு. நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்தாள்.

என் புருசன் செத்தபோது அவள் வந்து கட்டிப்பிடித்து அழுதாள். நான் கையைத் தட்டிவிட்டேன். இன்னும் பல பேருக்கு அது ஞாபகம் இருக்கும். நல்லது.

ஜனவரி 20, செவ்வாய்

ஊரைக் கொள்ளையடித்துவிட்டார்கள்.

காலையில் நாங்கள் எல்லாரும் ஒரு கல்யாணப் பூசைக்குக் கோயிலில் இருந்தோம். அந்த நேரம் பார்த்துக் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு பஸ் நிறைய வந்து கடற்கரையைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். ஆமையைக் கொல்லும் அநாதை வலை என்று, கருவாட்டு மணலில் கிடந்த வலைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கற்களை அழகாக ஓர் ஓரத்தில் குவித்து வைத்திருக்கிறார்கள். மணல் மொட்டையாகக் கிடக்கிறது. எவள் இடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அப்புறம் எனக்கு.

ஜனவரி 22, வியாழன்

வலைகளைக் கண்டுபிடித்தேன். மதலேன் வீட்டுத் தென்னைகளுக்கு நடுவே தொங்குபடுக்கையாகக் கட்டியிருக்கிறார்கள். மீதியைப் பைகளாகத் தைத்துவிட்டார்கள். ஒரு படுக்கையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஆள் ஒருவன் கிடந்து ஆடிக்கொண்டிருந்தான். ஊதா நூலில் என் மாமியார் போட்ட முடிச்சு அவன் முதுகுக்குக் கீழே தெரிந்தது.

"ஹலோ பாட்டி" என்றான்.

"எந்திரிலே. எங்க மாமியா மேல படுத்துக் கெடக்க."

விழுந்தடித்து எழுந்தான். நித்திலா ஓடிவந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. "குப்பைன்னு நெனச்சிட்டோம் பாட்டி. எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்று கண்ணைத் துடைத்தாள். முதல் தடவையாகச் சிரிக்கவில்லை.

வலையை அள்ளிய அன்று மதலேன் கண் காட்டத் தூத்துக்குடி போயிருந்தாளாம். "எனக்குத் தெரிஞ்சா விட்டிருப்பனா யக்கா? என் வலையுந்தான் போச்சு" என்றாள். தென்னை அவளுடையது, படுக்கை அவள் தென்னையில். ஆனால் அவளுக்குத் தெரியாது. நான் இதை நம்ப வேண்டும்.

ஜனவரி 23, வெள்ளி

மணலில் சண்டை. புனிதத்தின் சாளை தன் இடத்துக்குள் வந்துவிட்டதென்று லில்லிபுஷ்பம் காலால் எத்திவிட்டாள். புனிதம் அவள் கொண்டையைப் பிடித்துக்கொண்டாள். சாமியார் வந்து விலக்கினார். கடைசியில் எல்லாரும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"சின்னம்மை, நீங்க வந்து காட்டினாத்தான் ஆவும். ஒங்களுக்குத்தான் ஒவ்வொருத்தி இடமும் தெரியும்" என்றாள் புனிதம். போன மாசம் என்னை நாக்குநீளி என்று சொன்னவள். சொன்னது குழாயடியில். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

வருகிறேன் என்றேன்.

ஜனவரி 24, சனி

காட்டினேன். ஊரே வந்திருந்தது. நித்திலா புதுக் குச்சிகள் கொண்டுவந்திருந்தாள், ஒவ்வொன்றின் தலையிலும் வர்ணம் பூசிய தேங்காய்ச் சிரட்டை. கடல் பக்கமிருந்து தொடங்கினேன். இது புனிதத்தின் மாமியார் இடம், கழுமரம் மாதிரி நிற்பாளே, அவள். இது லில்லிபுஷ்பத்தினுடையது, வடக்கு மூலையில் ஓடைக்காகக் கொஞ்சம் வளையும். இதற்கும் அதற்கும் நடுவே ஒரு பாய் அகலம் நடைபாதை. எவளும் மறுத்துப் பேசவில்லை. "ஆமா, ஆமா" என்று ஒவ்வொருத்தியாகக் குச்சியை ஊன்றினார்கள்.

நடுமணலில் என் இடம். அதற்குக் குச்சி ஊன்றினேன். அதை ஒட்டி வடக்கே மதலேன் நின்றாள், கையில் குச்சியோடு.

"நீ எதுக்குட்டி நிக்க?" என்றேன்.

"என் எடத்துக்கு."

"ஒனக்கு இங்க எடம் ஏது? மாமியா எனக்கு மட்டுந்தான் குடுத்தா. இது பொது மணலு. நீ சும்மா கெடந்த எடத்துல வலையப் போட்டு வச்சிருந்த."

மதலேன் கொஞ்ச வருசம் மகனோடு தூத்துக்குடியில் இருந்துவிட்டு வந்தவள். வந்தபிறகும் மீன் உலர்த்தவில்லை, வீட்டில் ஆள் தங்கவைக்கிறாள். அவள் வலை அங்கே கிடந்தது எல்லாருக்கும் தெரியும். எப்படி வந்தது என்று சொல்ல வயதானவர்கள் யாரும் உயிரோடு இல்லை. என்னைத் தவிர.

"யக்கா, சாமி முன்னால சொல்லு" என்றாள் மதலேன்.

"எங்கன வேணும்னாலும் சொல்லுதேன். நான் மறக்குறவளா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் குச்சியை மணலில் போட்டுவிட்டுப் போனாள். சிரட்டை கழன்று உருண்டது.

ஜனவரி 25, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. முழங்கால் வலி.

ரெஜிலா பாத்திரம் துலக்கிக்கொண்டே, "அத்தே, நெசமாவே அவியளுக்கு எடம் இல்லியா?" என்றாள்.

"வேலயப் பாரு."

"இல்ல, மாமா உசிரோட இருக்கையில எங்கிட்ட ஒரு தடவ…"

"பாத்திரத்துல சாம்பலு இருக்கு. கழுவு."

ஜனவரி 30, வெள்ளி

உப்புத் தீர்ந்துவிட்டது. கடைக்கு நானே போய் வந்தேன். வழியில் மதலேன் எதிரே வந்தாள். நான் வேலிப் பக்கம் திரும்பி நின்றேன். அவளும் திரும்பி நின்றாள். இரண்டு பேரும் போகாமல் அப்படியே நின்றோம். கடைசியில் ஒரு ஆடு வந்து இடித்ததால் நான்தான் நகர வேண்டியிருந்தது.

பிப்ரவரி 3, செவ்வாய்

நடுமணலில் ஓலைக் குடைகள் நடுகிறார்கள்! தென்னந்தடியில் பெஞ்சு, கடலுக்குப் போகச் சிப்பி பதித்த பாதை. என் இடத்தை ஒட்டி. மூச்சு வாங்க ஓடினேன்.

"யாரக் கேட்டு நடுத?"

நித்திலா பணிவாகத்தான் சொன்னாள். "பாட்டி, நீங்கதானே இது யாருக்கும் சொந்தமில்லாத பொது மணல்னு காட்டினீங்க? சொந்தமில்லாத இடம் மட்டும்னுதானே கூட்டத்துல முடிவாச்சு? வேற எங்கயும் நாங்க கை வைக்கல."

எனக்கு வாய் வரவில்லை. இப்படி ஒரு நாள் என் வாழ்நாளில் இல்லை.

பிப்ரவரி 7, சனி

விருந்தாளிகள் குடைக்கு அடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறார்கள். இலையிலும் சிரட்டையிலும்தான் தின்கிறார்கள், பிளாஸ்டிக் இல்லை, பெரிய பெருமை. அந்தத் துணுக்குக்குக் காக்கை வருகிறது. முறுக்கு தீர்ந்ததும் காக்கை என் நெத்திலிக்கு வருகிறது. நாய்களும் மோப்பம் பிடித்துவிட்டன. ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு என் கருவாட்டைப் படம் எடுத்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின தவசுகாலம் வருகிறது. நாற்பது நாளும் இறைச்சி கிடையாது, கருவாடுதான் போகும். வருசச் சோறே இந்த நாட்களில்தான். இப்போதுபோய் நாயை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிப்ரவரி 9, திங்கள்

தலையில் இடி விழுந்தது. விருந்தாளிகள் வாடை தாங்கவில்லை என்கிறார்களாம். குடைகளுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் தள்ளி மீன் விரித்தால் நல்லது என்று நித்திலா கேட்கிறாள். குடை நிற்பது நடுமணலில். தெற்கே தள்ளினால் என் இடமும் புனிதத்தின் இடமும் போகும். வடக்கே தள்ளினால் லில்லிபுஷ்பம் ஓடைக்குள்தான் விரிக்க வேண்டும். அப்புறம் மிச்சம் என்ன இருக்கிறது? "கட்டாயம் இல்ல, ஞாயித்துக்கிழமை எல்லாரும் கூடிப் பேசி முடிவு பண்ணலாம்" என்றாள். கூடிப் பேசினால் போகும். விருந்தாளி வருகிற வீடுகள் இப்போது அதிகம். என் வீடும் அதில் ஒன்று.

புனிதம் கத்தினாள்: "நடுவுல அந்தக் குடை வந்ததாலதான இவ்வளவும்? மதலேன் எடமா இருந்திருந்தா அவ சம்மதம் இல்லாம நித்திலா நட்டிருப்பாளா?"

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கடலைப் பார்த்துச் சொன்னாள்.

பிப்ரவரி 11, புதன்

மதலேன் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றாள். நானும் உட்காரச் சொல்லவில்லை.

"குடை போடச் சொன்னது நானில்ல. கேட்டா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். வாறவனுக்குச் சோறு போடலாம், மணலக் குடுக்கக் கூடாது. ஆனா எனக்குத்தான் அங்க எடமே இல்லன்னு ஆக்கிட்டியே, நான் எந்த வாயால வேண்டாம்னு சொல்ல?"

"இத்தன நாளு கழிச்சு இப்ப எதுக்கு வந்த?"

"இத்தன நாளும் நீ எதுக்கு என்னைய வெறுக்கன்னு நெனச்சிட்டே இருந்தேன். ரெஜிலாதான் சொன்னா. செலினாள அடக்கம் பண்ணுன அன்னைக்கு நான் மீன் விரிச்சனாம்." அவள் குரல் ஏறியது. "ஆமா விரிச்சேன். அது யாரு மீனு? ஒம் மீனு! முந்தின நாளு உப்புப் போட்டு வச்சிட்டு நீ பிள்ளையோட ஆஸ்பத்திரிக்கு ஓடிட்ட. அழுவிப்போனா மத்தப் பிள்ளையளுக்கு என்ன குடுப்ப? ஊரு ஏசும்னு தெரிஞ்சுதான் விரிச்சேன். நீயே ஏசுவன்னு தெரியல. சண்டாளி."

போய்விட்டாள்.

பொய். அவள் பொய்க்காரி. எதையும் தனக்குச் சாதகமாகப் பேசுவாள்.

செலினாள் போன அந்த வாரம் வீட்டில் நெத்திலிக் கருவாடு இருந்தது. ஓலைப் பெட்டி நிறைய, மூடி போட்டு, அடுப்படியில். எப்படி வந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் நான் இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

ரெஜிலாவோடு பேச்சில்லை. இந்த டைரியை இனி பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். குழம்பில் புளி அதிகம்.

பிப்ரவரி 13, வெள்ளி

நெத்திலி விரித்தேன். நாய் ஒரு வரிசையைக் கலைத்துவிட்டது.

பிப்ரவரி 15, ஞாயிறு

பூசை முடிந்து கூட்டம். மண்டபம் நிறைந்துவிட்டது. மதலேன் பின்னால் சுவரோரம் நின்றாள், நாற்காலி காலியாக இருந்தது. நித்திலா பேசினாள். தள்ளி உலர்த்த மேடை கட்டித் தருவார்களாம், மேலே வலை போட்டு, காக்கை வராமல். கேட்க நன்றாகத்தான் இருந்தது. "சரி, விட்டுக்குடுத்துருவோம்" என்று முன்வரிசையில் ஒருத்தி சொன்னாள், இன்னொருத்தி தலையாட்டினாள். அப்படித்தான் போகும் என்று எனக்குத் தெரியும். இன்று தள்ளி, நாளை இன்னும் தள்ளி, அப்புறம் ரோட்டுக்கு.

எழுந்தேன்.

"தள்ளவும் வேண்டாம், மேடையும் வேண்டாம். அந்தக் குடை நிக்கிற எடம் மதலேன் எடம். மாமியா அவளுக்குக் குடுத்தது. அவ சம்மதிக்காம அங்க ஒரு குச்சி நிக்கக் கூடாது."

ஒரே சலசலப்பு. நித்திலா திகைத்துப்போய் என்னையும் மதலேனையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். சாமியார் கையமர்த்தினார்.

"கித்தேரியம்மா, அன்னைக்கு ஊர் முன்னால பொது மணல்னு சொன்னீங்க. இன்னைக்கு மதலேன் இடம்ங்கிறீங்க. அன்னைக்குச் சொன்னது என்ன?"

அன்றைக்குச் சொன்னது என்ன என்று எல்லாருக்கும் தெரியவேண்டுமாம். மதலேன் சுவரைவிட்டு நகர்ந்து முன்னால் வந்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறந்துபோச்சு" என்றேன்.

"என்னது?"

"மறந்துபோச்சு சாமி. எனக்கு வயசாயிட்டு. தப்பாக் காட்டிட்டேன்."

முதலில் லில்லிபுஷ்பம்தான் சிரித்தாள். பிறகு எல்லாரும். "ஆச்சிக்கும் மறதி வந்துட்டு!" என்று யாரோ கத்தினார்கள். புனிதம் வந்து என் தோளைப் பிடித்து, "உக்காருங்க சின்னம்மை, பரவாயில்ல" என்று பச்சைப்பிள்ளையைச் சொல்வது போலச் சொன்னாள். இவள் கல்யாணத்தில் இவள் அப்பன் சீலை கடன் வாங்கியது வரைக்கும் எனக்குத் தெரியும். உட்கார்ந்தேன்.

மதலேன் சிரிக்கவில்லை. சாமியார் அவளிடம் சம்மதமா என்று கேட்டார். "சம்மதமில்ல. குடைய எடுக்கச் சொல்லுங்க. வேணும்னா எங்க தென்னந்தோப்புல நடட்டும்" என்றாள். நித்திலா உடனே சரி என்றாள். முடிந்தது. மணல் மணலாகவே இருக்கும்.

கலைகிற நேரத்தில் லில்லிபுஷ்பம் ஒரு பேச்சு எடுத்தாள். சின்னம்மைக்கு மறதி என்றால் அன்று காட்டிய எல்லைகள் மட்டும் சரியா? எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும், அவரவர் வாயால். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

நாளை சாம்பல் புதன். இன்றைக்கே எல்லை போட்டு முடித்தார்கள். சிரட்டைக் குச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், பழையபடி கல்தான். நித்திலா தொங்குபடுக்கைகளை அவிழ்த்து வலைகளைத் திருப்பிக் கொடுத்தாள். பையாகத் தைத்தது பையாகவே வந்தது. அதைப் பிரித்து விரித்தார்கள்.

லில்லிபுஷ்பம் ஓடை வளைவை மறைத்து நேராகக் கல் வைத்தாள். புனிதம் நடைபாதையில் பாதியை விழுங்கினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பல் வலிக்கிற அளவுக்குக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

மதலேன் கடைசியாக வந்தாள். குடைகளைப் பிடுங்கிய குழிகள் இன்னும் மூடவில்லை. வடக்கு மூலையில் ஒரு கல் வைத்தாள், சரியான இடத்தில். கடல் பக்கம் ஒன்று, அதுவும் சரி. பிறகு தெற்கே என் பக்கம் வந்தாள். எல்லையைத் தாண்டினாள். ஒரு பாய் அகலம் என் இடத்துக்குள் வந்து, நின்று, கல்லை வைத்தாள். காலால் அழுத்திவிட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இதுதான எல்லை, யக்கா? ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

மணலில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரெஜிலாவும் பார்த்தாள்.

"ஞாபகம் இல்ல" என்றேன்.

மதலேன் அடுத்த கல்லை எடுக்கக் குனிந்தாள்.